எதிர்க்கடைச் சரக்கு

இருபத்தொரு நிமிடத்துக்குள் சைக்கிளில் மலையேறி உச்சிக் கோட்டைத் தொட்டால் தேசியப் பயிற்சி முகாமில் இடம். என் மனைவியின் தங்கை தொட்டது இருபத்தொரு நிமிடம் 0.31 விநாடியில். கண்ணை ஒருமுறை மூடித் திறக்கிற நேரம்தான் கூடுதல். அடுத்த மாதம் அவளுக்கு இருபத்து நான்கு வயது ஆகிவிடும். முகாமில் இருபத்து மூன்றுக்கு மேல் யாரையும் சேர்க்க மாட்டார்கள். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு. அது ஒரு கண்சிமிட்டலில் போயிற்று.

அளந்தது வேறு யாராவது என்றால் ‘போகட்டும், விதி’ என்று சொல்லிவிட்டு ஒரு டீயைக் குடிக்கலாம். அளந்தது நானும் என் மச்சானும்.

பந்தயங்களுக்கு நேரம் பார்ப்பது எங்கள் தொழில். எங்களிடம் இரண்டு நேரப்பெட்டிகள் உண்டு. செருப்பு டப்பா அளவில் இரும்புப் பெட்டி, உள்ளே ஒரு கடிகாரமும் ஒரு சின்னக் கணினியும். ஒன்று தொடக்கக் கோட்டில் இருக்கும், மற்றது முடிவுக் கோட்டில். சக்கரம் ஒளிக்கதிரை வெட்டியதும் பெட்டி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மேலே குறித்ததிலிருந்து கீழே குறித்ததைக் கழித்தால் ஏறிய நேரம். கழித்தல் சரியாக வர வேண்டுமானால் இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். அதற்காக நடுவில் ஒரு ரேடியோ இணைப்பு. அதன் வழியாக இரண்டும் ஓயாமல் நேரம் விசாரித்துக்கொள்ளும்.

எந்த முறையில் விசாரிப்பது என்பதில்தான் எனக்கும் மச்சானுக்கும் முதல் நாளே தகராறு.

நான் வளர்ந்தது ஜவுளிக் கடைத்தெருவில். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் எங்கள் வீட்டில் உடம்புக்கு ஏதோ என்று அர்த்தம். பெட்டி விற்றவர் இரண்டு பெட்டிக்கும் இரண்டு ஆன்டெனா போட்டிருந்தார். வானத்திலிருக்கும் செயற்கைக்கோள்களிடமிருந்து சரியான நேரத்தை வாங்கித் தருவது அந்த ஆன்டெனாதான். “பெட்டி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குமில்ல, அப்புறம் எதுக்குங்க ரெண்டு ஆன்டெனா?” என்று ஒன்றைக் கழித்தேன். அப்படியே, மின்சாரம் நின்றாலும் பதிவுகள் அழியாமல் காக்கிற நினைவு அட்டையையும் கழித்தேன். விற்றவர் முகம் வாடியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அது என்மேல் அவருக்கு வந்த பரிதாபம் என்று தெரிய மூன்று வருடம் ஆயிற்று.

ஒற்றை ஆன்டெனாவைத் தொடக்கக் கோட்டில் என் பெட்டிக்கு மாட்டினேன். “இது சர்வர், மச்சான். மேல இருக்கிற உங்க பெட்டி கிளையண்ட். கேட்டு வாங்கிக்கும்” என்றேன்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எதையும் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்றுதான் பார்ப்பார்.

“அதாவது, மாப்பிள்ளை கல்லாவில உக்காருவீங்க. நான் பையைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கணும்.”

“நேரத்துக்கு மட்டும்தான் மச்சான்.”

“கல்யாணம் முடிஞ்ச மறுநாள் ‘ஒரு நாளைக்கு மட்டும்தான் மச்சான்’னு என் ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனீங்க. அது இன்னும் உங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. பியர்னு இன்னொரு முறை இருக்காமே? ரெண்டு பெட்டியும் சமமாமே? அதைப் போடுங்க.”

கடைத்தெருப் பாஷையில் சொன்னால் விஷயம் இவ்வளவுதான். கிளையண்ட்–சர்வர் என்பது மொத்தக்கடையும் வாடிக்கையும். சரக்கு ஒரு பக்கமாகத்தான் போகும். வாடிக்கை தலைகீழாக நின்றாலும் கடைக்காரர் அவரிடம் வாங்க மாட்டார், அவர் வைத்திருப்பது என்னவென்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பியர் என்பது எதிரெதிரே இரண்டு கடை. இன்று உன்னிடம் சரக்கு தீர்ந்தால் என்னிடம் எடுத்துக்கொள், நாளை என்னிடம் தீர்ந்தால் உன்னிடம் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் எதிர்க்கடை நிலவரத்தைத் தத்தம் நோட்டில் சில விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே இருப்பார்கள். அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு சங்கடம்: எதிர்க்கடைக்காரர் தன்னிடம் இருப்பது அசல் சரக்கு என்று சொன்னால் நம்பித் தொலைக்க வேண்டும்.

பேரம் படிந்தது. பெட்டிகள் பியர். பதிலுக்கு, எந்தப் பந்தயமானாலும் மேட்டுக்குப் பெட்டி சுமப்பது மச்சான். எனக்குக் கொள்ளை லாபம் என்று கையைத் தட்டினேன். முடிவுகளைத் தொகுக்கிற வேலை என் மனைவியுடையது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, “புருஷனும் அண்ணனும் சேர்ந்து என்னைக்காவது ஒருநாள் என்னைச் சந்தி சிரிக்க வைக்கப் போறீங்க” என்றாள்.

அந்த ஒருநாள்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

காலை ஏழரைக்கே மலையடிவாரத்தில் என் மேசைமேல் வெயில் சுள்ளென்று விழுந்தது. ஒரு குளிர்பானக் கம்பெனிக்காரர் பெரிய பேனர் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து, எங்கள் ஆன்டெனா இருந்த கம்பத்தைக் காட்டி, கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். சும்மா விடுவேனா?

“கட்டிக்கோங்க. ஆனா நிழல் என் மேசைமேல விழற மாதிரி கட்டணும்.”

கட்டினார். கூரைபோலக் கட்டினார். பேனரின் பின்புறம் வெயில் தாங்குவதற்கு வெள்ளித் தகடு ஒட்டியிருந்தது. நிழல் அப்படி ஒரு குளிர்ச்சி. காசில்லாமல் கிடைத்தது வேறு.

பந்தயக்காரர்கள் கூடினார்கள். நாற்பது பெண்கள், நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்ப வேண்டும். முதல் ஆள் எட்டு மணிக்கு. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆறாவது இடம், எட்டு ஐந்துக்கு. வீட்டில் அவளுக்குப் பெயர் ஆமை. ஒரு டம்ளர் பாலை ஒரு மணி நேரம் குடித்த காலத்தில் வைத்த பெயர். இப்போது கூரியர் கம்பெனியில் சைக்கிளில் பொட்டலம் கொண்டு போகிறாள். அவள் மணியடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் ‘அனுப்பிவிட்டோம்’ என்று கம்பெனியிலிருந்து செய்தியே போகும். பெயர் மட்டும் மாறவில்லை.

“மாமா, இன்னைக்கு என்னைப் பார்த்ததும் உங்க பெட்டி கொஞ்சம் மெதுவா ஓடணும்.”

“குடும்பத் தள்ளுபடியெல்லாம் கிடையாது, ஆமை.”

“ஒரு விநாடி?”

“அரை விநாடி கூடக் கிடையாது. கிளம்பு.”

சிரித்துக்கொண்டே கிளம்பினாள். முதல் வளைவில் அவள் முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தேன். பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்பது பத்துக்கு முடிவுகளை ஒட்டினோம். ஆட்சேபம் இருந்தால் ஒன்பது நாற்பதுக்குள் தலைமை நடுவரிடம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பட்டியல் தேசியச் சங்கத்துக்குப் போய்விடும். தலைமை நடுவர் மற்ற நாட்களில் பல் மருத்துவர். எல்லோரும் பல் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே பிடுங்கிவிடுகிற மனிதர்.

வேனில் இறங்கி வந்த ஆமை பட்டியல் முன்னால் நின்றாள். ஹெல்மெட் கையில் தொங்கியது. என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை.

“நாலாவது வளைவுல பிரேக்கைத் தொட்டேன்க்கா. தொடாம வந்திருக்கலாம்.” குரல் உடையவே இல்லை. உடைந்திருந்தால் தேவலை.

அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் என் திரையைப் பார்த்தேன்.

பெட்டி யாரிடமிருந்து நேரம் எடுக்கிறதோ அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். மூன்று வருடமாக அந்த நட்சத்திரம் ‘ஆன்டெனா’ என்கிற வரியில்தான் குடியிருந்தது. இன்று அது ‘மேல்’ என்கிற வரியில் உட்கார்ந்திருந்தது. ஆன்டெனா வரியில், கண்ணுக்குத் தெரியும் செயற்கைக்கோள்கள்: பூஜ்யம்.

அண்ணாந்து பார்த்தேன். தலைக்குமேல் வெள்ளித் தகடு பளபளத்தது. என் இலவச நிழல்.

“ஏய், இங்க வா!” நான் போட்ட சத்தத்தில் மனைவி மட்டுமல்ல, பேனர்காரரும் ஓடிவந்தார்.

என் பெட்டியின் நோட்டை, அதாவது அது எழுதிவைத்த பதிவைத் திறந்தேன். எல்லாம் அச்சாக இருந்தது. ஏழு நாற்பதுக்குப் பேனர் ஏறியிருக்கிறது, ஆன்டெனா குருடாகியிருக்கிறது. பத்து நிமிடம் காத்துப் பார்த்துவிட்டு என் பெட்டி ‘என்னிடம் சரக்கு தீர்ந்தது’ என்று எதிர்க்கடையை எட்டிப் பார்த்திருக்கிறது. எதிர்க்கடையில் ‘அசல் சரக்கு இங்கே’ என்று பலகை தொங்கியிருக்கிறது. அந்தக் கடிகாரம் இதைவிட 0.900 விநாடி முன்னால் ஓடியது. என் பெட்டி அதை நம்பி அதை நோக்கி நகரத் தொடங்கியது.

எங்கள் பெட்டிகள் குதிக்காது. பந்தயத்துக்கு நடுவே கடிகாரம் குதித்தால் ஆபத்து என்று, நழுவிப் போகும்படி வைத்திருக்கிறோம். விநாடிக்கு அரை மில்லி விநாடி வீதம். 0.9 விநாடியைக் கடக்க முழுசாக முப்பது நிமிடம். ஏழு ஐம்பதுக்குத் தொடங்கி எட்டு இருபதுக்கு முடிந்திருக்கிறது.

“முதல் இருபது பேரும் இந்த நழுவலுக்கு நடுவுலதான் கிளம்பியிருக்காங்க” என்றேன்.

என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “அவ கிளம்பினது எட்டு அஞ்சு. அப்போ ரெண்டுக்கும் எவ்வளவு இடைவெளி?”

“0.450.”

“அதாவது இங்க எட்டு அஞ்சு அடிக்கிறப்போ மேல இருக்கிற கடிகாரத்துல எட்டு அஞ்சும் கிட்டத்தட்ட அரை விநாடியும். சரியா? கிளம்பினதை இந்தக் கடிகாரத்துல எழுதினோம், வந்து சேர்ந்ததை அந்தக் கடிகாரத்துல எழுதினோம். நடுவுல இருக்கிற 0.45 அவ ஏறாத நேரம். அதையும் சேர்த்து அவ தலையில கட்டியிருக்கோம்.” விரல் தட்டியது. “21:00.31ல 0.45 கழிச்சா…”

திரையில் வந்த எண்ணை மூவரும் பார்த்தோம். 20:59.86.

ஆமையின் கையிலிருந்து ஹெல்மெட் விழுந்து உருண்டு மேசைக்கடியில் போனது. யாரும் எடுக்கவில்லை.

குடும்பத்துக்குத் தள்ளுபடி கிடையாது என்றேன் இல்லையா? குடும்பத்திடமே அரை விநாடி கூடுதலாக வசூலித்திருந்தோம்.

மணி ஒன்பது பதினேழு.

“மச்சானோட நோட்டும் வேணும். என் நோட்டை மட்டும் காட்டினா எவன் நம்புவான்?” என்று ரேடியோ இணைப்பைப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. மச்சானின் பழக்கம் எனக்குத் தெரியும். கடைசி ஆள் கோட்டைத் தாண்டினால் போதும், கம்பத்தை இறக்கி, வயரைச் சுருட்டி, பெட்டியை அணைத்துவிடுவார். அணைத்தால் நோட்டு அழியும். அழியாமல் காக்கிற அட்டையைத்தான் நான் பேரத்தில் கழித்துவிட்டேனே!

என் போனை மச்சான் எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. என் மனைவி அடித்தாள், முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணா, பெட்டியை அணைச்சிட்டியா?”

“அணைக்கத்தான் பொத்தான்ல விரல் வெச்சிருக்கேன், போன் அடிச்ச. பெரிய பேட்டரியைக் கழட்டியாச்சு. உள்ள இருக்கிற குட்டி பேட்டரியில ஓடிட்டிருக்கு.”

“விரலை எடு!”

“என்னம்மா?”

“விரலை எடுண்ணா! அது நம்ம ஆமையோட உயிரு! பெரிய பேட்டரியைத் திருப்பி மாட்டு!”

“வண்டியில அடியில போட்டு மேல நாற்காலியெல்லாம் அடுக்கிட்டேனே…”

“எல்லாத்தையும் தூக்கிப் போடு!”

நாற்காலிகள் தார்ச்சாலையில் விழுகிற சத்தம் போனில் கேட்டது. நான் போனைப் பிடுங்கினேன்.

“மச்சான், காலையில உங்க கடிகாரத்தை என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே.”

“மச்சான்.”

“பச்சை விளக்கு எரியல, மாப்பிள்ளை. பெட்டியைத் திறந்தா தேதி போன வருஷத்தைக் காட்டுது. கீழ இருந்து உங்க நேரம் வந்து சேரவே இல்ல.”

“ரேடியோ கம்பத்தைத் தூக்கினீங்களா?”

“…அப்போ தூக்கல. அப்புறம் தூக்கினேன். அதுக்குள்ள என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வெச்சேன். ‘நம்பகமான மூலம்’னு ஒரு கட்டம் இருந்தது, டிக் அடிச்சேன். விளக்கு பச்சையாயிடுச்சு. இருபது வருஷத்துல என் கடிகாரம் ஒரு விநாடி தப்பினதில்ல மாப்பிள்ளை, தெரியும்ல?”

தெரியும். இன்றும் ஒரு விநாடி தப்பவில்லை. 0.9தான்.

ஒன்பது இருபத்து மூன்றுக்குப் பல் டாக்டர் முன்னால் மூச்சிரைக்க நின்றோம். பொறுமையாகக் கேட்டார். பேனரை நிமிர்ந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார்.

“உங்க பெட்டி. உங்க கணக்கு. உங்க வீட்டுப் பொண்ணு. பட்டியலை ஒட்டின பிறகு, கணக்கு தப்புன்னு நீங்களே வந்து சொல்றீங்க. என் இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்வீங்க?”

அங்கேதான் என் நாக்கு தன் குலத்தொழிலைக் காட்டியது. “டாக்டர், முழுசா 0.45 கூட வேணாம். ஒரு 0.32 குறைச்சுக் கொடுங்க, போதும்.”

பல் டாக்டர் தன் பேனாவை மூடினார். அந்த ‘டக்’ சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆமை கண்ணை மூடிக்கொண்டாள்.

“இவர் சொன்னதைக் காதுல போட்டுக்காதீங்க டாக்டர்” என்றாள் என் மனைவி. இடுப்பில் கை. எங்கள் வீட்டில் அந்தக் கைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. “இவர் பஸ் டிக்கெட்டுக்கே பேரம் பேசுவார். இதுல குறைக்கவும் வேணாம், கூட்டவும் வேணாம். எங்களை நம்பவும் வேணாம். நீங்களே சோதிச்சுப் பாருங்க.”

“எப்படி?”

“பெட்டி ரெண்டும் பியர். இது அதைப் பத்தி ஒரு நோட்டு எழுதியிருக்கு, அது இதைப் பத்தி ஒரு நோட்டு எழுதியிருக்கு. இணைப்பு அறுந்தாச்சு, இப்போ இங்க இருந்து அதுல யாரும் கை வைக்க முடியாது. மேல உங்க ஆள் யாராவது இருப்பாங்க இல்ல? எங்க அண்ணன் வேணாம், உங்க ஆளைப் படிக்கச் சொல்லுங்க. நேரத்தை நீங்க சொல்லுங்க. இங்க இருக்கிற திரையையும் நீங்களே பாருங்க.”

பல் டாக்டர் பேனாவைத் திறந்தார். மணி ஒன்பது இருபத்தெட்டு. தன் போனிலேயே உச்சியில் கொடி பிடிக்கிறவரைக் கூப்பிட்டு, பெட்டி முன்னால் நிற்கச் சொன்னார். எங்கள் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எட்டு பன்னிரண்டு. இடைவெளின்னு போட்டிருக்கிற வரிசையில என்ன இருக்கு?”

“சார், இங்க ஒரு விளக்கு சிவப்பா மின்னுது” என்றார் கொடிக்காரர்.

பின்னால் மச்சானின் அலறல்: “படிங்க சார்! விளக்கை நான் பார்த்துக்கிறேன்! வயரைத் தேடிட்டிருக்கேன்!”

“எட்டு பன்னிரண்டு… கீழ்… மைனஸ் பூஜ்யம் புள்ளி ரெண்டு நாலு ஒண்ணு.”

பல் டாக்டரின் கண் திரையில் இறங்கியது. அதில் இருந்தது: மேல், பிளஸ் 0.240. இது ‘நீ என்னைவிட இவ்வளவு முன்னால்’ என்கிறது, அது ‘நீ என்னைவிட இவ்வளவு பின்னால்’ என்கிறது. நடுவே ஆயிரத்தில் ஒரு பங்கு.

பல் டாக்டர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவர் தொழில் அப்படி. “எட்டு இரண்டு.”

“மைனஸ் பூஜ்யம் புள்ளி அஞ்சு நாலு… சார், திரை மங்குது…”

“மாட்டிட்டேன்! மாட்டிட்டேன்!” என்று மச்சான் கூவினார்.

“திரும்ப வந்திடுச்சு சார். அஞ்சு நாலு ஒண்ணு.”

எங்கள் திரையில் 0.540. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

“எட்டு முப்பது?”

“பூஜ்யம் சார். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒண்ணு.”

“எட்டு அஞ்சு.” இதைக் கேட்கும்போது மட்டும் குரல் இன்னும் மெலிந்தது.

“மைனஸ் பூஜ்யம் புள்ளி நாலு அஞ்சு பூஜ்யம்.”

எங்கள் திரையிலும் அதேதான். பல் டாக்டர் நான்கு எண்களையும் தாளில் எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு நான் பயந்திருந்த கேள்வியைக் கேட்டார்.

“சரி. இந்த ரெண்டுல எது உண்மையான நேரம்?”

“ரெண்டுமே இல்ல டாக்டர்” என்றாள் என் மனைவி, பட்டென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்க வந்தவரிடம் சரக்கு சொத்தை என்று சொல்கிற வியாபாரத்தை நான் பார்த்ததே இல்லை.

“மேல இருக்கிறது எங்க அண்ணன் கைக்கடிகாரம். கீழ இருக்கிறது அதோட நகல். ஊர் உலகத்து நேரத்துக்கு ரெண்டுமே தப்பு. ஆனா ஒருத்தி மலையேற எவ்வளவு நேரமாச்சுன்னு பார்க்க உலக நேரம் எதுக்கு? அவ கிளம்பின நிமிஷம் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு தெரிஞ்சா போதும். அதை ரெண்டு பக்கத்துலயும் தனித்தனியா எழுதி வெச்சிருக்கு.”

ஒன்பது முப்பத்து மூன்று. பல் டாக்டர் எழுந்தார்.

“திருத்தினா ஒருத்திக்கு மட்டும் திருத்த மாட்டேன். முதல் இருபது பேருக்கும் அவங்கவங்க கிளம்பின நிமிஷத்துக்கு என்ன இடைவெளியோ அதைக் கழிப்பேன். அதோட, எப்படித் தப்பு நடந்ததுன்னு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தரணும். அது சங்கத்துக்குப் போகும். அடுத்த பந்தயத்துக்கு உங்களைக் கூப்பிடுவாங்களான்னு நான் சொல்ல முடியாது. யோசிச்சுக்கோங்க.”

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து மச்சான் குரல் வந்தது, லிஃப்ட் தரைத்தளத்துக்கு இறங்குகிற மாதிரி.

“இதுல யோசிக்க என்ன டாக்டர் இருக்கு? எழுதிக்கோங்க. கையால நேரம் வெச்சவன் நான். நம்பகமான மூலம்னு டிக் அடிச்சவனும் நான். கம்பத்தைத் தூக்காம கீழ இருக்கிறவரைக் குத்தம் சொன்னதும் நான்தான்.”

அவர் அப்படி விட்டுக் கொடுத்த பிறகு நான் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்க முடியுமா? “இரண்டாவது ஆன்டெனா வேண்டாம் என்றது நான். நினைவு அட்டை வேண்டாம் என்றது நான். இருந்த ஓர் ஆன்டெனாமேலும் நிழலுக்கு ஆசைப்பட்டுப் பேனர் கட்டவிட்டதும் நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில் நான் ஒரு வரியும் குறைக்காமல் எழுதிக் கொடுத்த ஒரே தாள் அது.

என் மனைவி இருபது பெயருக்கும் கழித்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் நின்றாள்.

“மூணாம் நம்பர். எட்டு ரெண்டுக்குக் கிளம்பினவ. 21:00.50. அதுல 0.54 போனா…”

20:59.96.

யாரோ ஒரு பெண். வேறு கிளப். எங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படியில் உட்கார்ந்து ஒருத்தி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், தலை குனிந்திருந்தது. முதுகில் மூன்று.

நான் கூப்பிடுவதற்குள் ஆமை ஓடிவிட்டாள். சைக்கிள் ஷூவில் ஓடினால் கால் இடறும், ஆனாலும் ஓடினாள். “அக்கா! மூணாம் நம்பர் அக்கா! இறங்குங்க! நாம ரெண்டு பேரும் உள்ள!” தன் பெயர் சரியாகிவிட்டதா என்று ஒருமுறை நின்று பார்க்கக்கூட இல்லை. முகம் தெரியாதவளை ஒரு ஷூவோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குப் பல் டாக்டர் புதுப் பட்டியலைத் தன் கையால் ஒட்டினார். ஆறாம் நம்பர், 20:59.86. ஆமை அந்த எண்ணில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு ‘ஓ’வென்று அழுதாள். தோற்றபோது உடையாத குரல் அப்போது உடைந்தது. என் மனைவியும் அழுதாள். பேனர்காரரும் கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. நான் அவரிடம் பேனரைக் கழற்றச் சொன்னேன். கழற்றிய ஐந்தாவது நிமிடம் நட்சத்திரம் தன் பழைய வரிக்குத் திரும்பியது.

பத்தரைக்கு மச்சான் இறங்கி வந்தார். ஆமையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். என்னிடம் வந்து தொண்டையைக் கனைத்தார்.

“மாப்பிள்ளை, இனிமே உங்க பெட்டியே சர்வரா இருக்கட்டும். நான் கிளையண்டாவே இருந்துக்கிறேன்.”

“அது எப்படி மச்சான்? கிளையண்டா இருந்திருந்தா உங்க பக்கத்து நிலவரத்தை என் பெட்டி ஒரு வரி எழுதியிருக்காது. ரெண்டு நோட்டு எங்கிருந்து வந்திருக்கும்?”

“கிளையண்டா இருந்திருந்தா உங்க பெட்டி என் கடிகாரத்தை நம்பியே இருக்காதே! தப்பே நடந்திருக்காது!”

“ஆனா நடந்திருந்தா?”

“நடந்திருக்காதுங்கிறேன்!”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் என் மனைவி. “பியராவே இருங்க. ஆனா ஆளுக்கு ஒரு ஆன்டெனா, ஆளுக்கு ஒரு நினைவு அட்டை. இப்பவே, இங்கயே, போன் போடுங்க.”

பெட்டி விற்றவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஆன்டெனா ஒன்றும் அட்டை இரண்டும் வேண்டும் என்றேன். விலை சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. என் வாய் தானாகத் திறந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். மச்சான் பார்த்தார். ஆமை, மூன்றாம் நம்பர், பல் டாக்டர் எல்லோரும் பார்த்தார்கள்.

“சரிங்க, அனுப்பிடுங்க” என்றேன்.

மறுமுனையில் அவர் போனைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

“ஹலோ?” என்றார் கடைசியில், சந்தேகத்தோடு. “யாருங்க பேசறது?”